வகுப்பு ஏறும் பருவமும் நம் பிள்ளைகளும்

சித்திரை பிறந்ததும் நீலசந்திராவின் சந்துகள் பாதி வெறிச்சோடிவிடுகின்றன. தேர்வு முடிந்த மறுநாளே நம் தாய்மார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைப் பக்கத்திற்கும் தருமபுரிப் பக்கத்திற்கும் வேலூர், கிருஷ்ணகிரி ஊர்ப்புறங்களுக்கும் புறப்பட்டுவிடுகிறார்கள். பாட்டன் பாட்டியின் முகம் காண்பதும், கிணற்றில் நீந்திப் பழகுவதும், திரௌபதி அம்மன் கோயில் தீமிதியும், இரவெல்லாம் கண்விழித்துக் காணும் பாரதக் கூத்தும் நகரத்துச் சந்தில் வளரும் பிள்ளைக்கு எத்துணைப் பெரிய செல்வம் என்பதை நாம் அறிவோம். அதனை வேண்டா என்று சொல்ல எவருக்கும் மனம் வாராது.

இடர்ப்பாடு திரும்பி வரும் நாளில்தான் இருக்கிறது. கருநாடகத்தில் பள்ளிகள் மே மாத இறுதியிலேயே திறந்துவிடுகின்றன. தமிழ்நாட்டிலோ ஜூன் பிறந்த பின்னரே திறக்கின்றன. வெயில் கடுமையான ஆண்டுகளில் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போவதும் உண்டு. ஊரில் பெரியப்பா பிள்ளைகள் எல்லாரும் விடுமுறையில் ஆடிக்கொண்டிருக்க, நம் பிள்ளையை மட்டும் எவ்வாறு பிரித்து அழைத்து வருவது? "பத்து நாள்தானே, தொடக்கத்திலேயே என்ன பெரிய பாடம் நடத்திவிடப் போகிறார்கள்?" என்று சொல்லித் தங்கிவிடுகிறார்கள். பத்து நாள் பதினைந்து நாள் ஆகிறது. ஜூன் நடுவில் பிள்ளை வெயிலில் கறுத்த முகத்தோடு வந்து கடைசி இருக்கையில் அமர்கிறான்.

அந்தப் பத்து நாளில் பள்ளியில் நடப்பது என்ன என்பதை நம்மவரில் பலர் அறியார். கருநாடகத்து அரசுப் பள்ளிகளில் ஆண்டின் தொடக்க வாரங்களில் 'சேதுபந்த' என்னும் பெயரால் ஒரு பயிற்சி நடைபெறுகிறது. முன்னை வகுப்பில் கற்றவற்றுள் எவை மனத்தில் நின்றன, எவை நழுவின என்று முதலில் ஒரு சிறு தேர்வு வைக்கிறார்கள். நழுவியவற்றை மீண்டும் கற்பிக்கிறார்கள். பின்னர் மறுபடியும் ஒரு தேர்வு. அதற்குப் பிறகே புதிய பாடம் தொடங்குகிறது. நம் ஊரின் பெயரில் உள்ள 'சந்திரா' என்பது 'சமுத்திரம்' என்னும் சொல்லின் திரிபு என்பர். பெங்களூரைச் சுற்றி ஏரியும் குளமும் நிறைந்திருந்த காலத்துப் பெயர்கள் அவை. சமுத்திரத்தின் பெயரால் அமைந்த ஊரில் இருந்துகொண்டு, அணை கட்டும் நாளில் மட்டும் நம் பிள்ளைகள் இல்லாமற் போவது வேடிக்கையாகவே இருக்கிறது.

இந்தப் பத்து நாளைப் பற்றி மட்டும் எழுதுவதாகத்தான் இருந்தோம். ஆனால் இது ஒரு பெரிய செய்தியின் ஒரு முனை. பிள்ளைகளின் கல்வி தடுமாறுவது பெரும்பாலும் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு ஏறும் வேளையில். நாமோ தேர்வு நாளில் கண்விழிக்கிறோம். முடிவு வரும் நாளில் இனிப்பு வழங்குகிறோம். பிள்ளை புதிய வாயிலுக்குள் அடி வைக்கும் முதல் மூன்று மாதத்தில் கவலையற்று உறங்கிவிடுகிறோம்.

நடுவணரசின் கல்வித் துறை வெளியிட்ட பள்ளிக் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். 2021-22ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் தொடக்க வகுப்புகளில் இடைநின்றவர் நூற்றுக்கு 1.5, ஆறு முதல் எட்டு வரை 3.0, ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலோ 12.6. தரையில் நடந்துவந்தவன் திடீரென்று மலையேறுவது போன்ற கணக்கு இது. ஏறும் இடத்தில் வழுக்கல் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நம் பெற்றோரில் பலர் தமிழ்நாட்டில் படித்தவர்கள். அங்கே ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஒரு மாற்றம் நிகழும். ஆறாம் வகுப்பிற்கு வேறு பள்ளி, வேறு ஊர் என்று போவார்கள். ஆதலின் பிள்ளை ஆறாம் வகுப்பிற்குச் செல்லும்போது இவர்கள் விழிப்பாயிருக்கிறார்கள். கருநாடகத்திலோ ஏழாம் வகுப்பு வரை ஒரே தொடக்கப் பள்ளி. எட்டாம் வகுப்பில்தான் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றம். ஆஸ்டின் டவுன் பக்கமோ விவேக்நகர்ப் பக்கமோ ஒரு புதிய கட்டடத்திற்குப் பிள்ளை போகிறது. அப்போது அதற்குப் பதின்மூன்று வயது. குரல் உடைகிற பருவம். பெண்பிள்ளையானால் வீட்டில் பல கட்டுப்பாடுகள் தொடங்குகிற பருவம். அதுவரை காலை முதல் மாலை வரை ஓரிரு ஆசிரியரே பாடம் நடத்தினார்கள். பிள்ளையின் வீடு எது, தந்தை யார், காலையில் உண்டு வந்ததா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். புதிய பள்ளியிலோ மணிக்கு ஓர் ஆசிரியர் வந்து போகிறார். அவர்மீது குறையில்லை. ஒரு நாளைக்கு நான்கைந்து வகுப்புகளைப் பார்ப்பவர் எத்தனை பெயரை நினைவில் வைப்பார்?

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள துன்பம் அன்று. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்துப் பிள்ளைகளை ராபர்ட்டா சிம்மன்சு, டேல் பிளித் என்னும் இருவர் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 1987இல் ஒரு நூல் வெளியிட்டனர். அந்நகரில் சில பள்ளிகள் எட்டாம் வகுப்பு வரை ஒரே இடத்தில் நடந்தன. வேறு சிலவற்றில் ஆறாம் வகுப்போடு முடிந்து, ஏழாம் வகுப்பிற்குப் பெரியதொரு பள்ளிக்கு மாற வேண்டியிருந்தது. ஒரே நகரம், ஒரே வயது. பள்ளி மாறிய பெண்பிள்ளைகளுக்குத் தம்மைப் பற்றிய நன்மதிப்பே குறைந்துபோனதை அவர்கள் கண்டனர். மாறாமல் அதே பள்ளியில் தொடர்ந்த பெண்பிள்ளைகளிடம் அத்தாழ்வு காணப்படவில்லை. இங்கிலாந்தில் மாரிஸ் கால்ட்டன் முதலியோர் 1999இல் அளித்த அறிக்கை, பள்ளி மாறிய உடனே ஐவரில் இருவர் எதிர்பார்த்த முன்னேற்றத்தை அடையத் தவறுகின்றனர் என்றது. பிள்ளையைப் புதிய இடத்திற்குப் பழக்கப்படுத்துவதில் பள்ளிகள் அக்கறை காட்டுகின்றன. ஆனால் பழைய பள்ளியில் எதுவரை கற்றான் என்பதை அறிந்து அங்கிருந்து தொடங்குவதில்தான் குறை இருக்கிறது என்பது அவர்கள் கண்ட காரணங்களில் ஒன்று. கருநாடக அரசு மழலை வகுப்பு முதல் பி.யூ.சி. வரை ஒரே வளாகத்தில் நடத்தும் 'கருநாடகப் பப்ளிக் பள்ளி'களை ஏற்படுத்தி வருகிறது. படியேறும் துன்பத்தை ஓரளவேனும் குறைக்க இது உதவும் என்று நம்புகிறோம். எல்லார்க்கும் அது கிட்டும் வரை, படியின் ஓரத்தில் நின்று கைபிடிக்க வேண்டியவர் வீட்டார்தாம்.

இனி மொழியைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் பிள்ளைகளுக்கு எல்லாப் படியிலும் கூடுதலாக இருக்கும் ஒரு படி இதுவே.

நீலசந்திராக் குழந்தை நான்கு வயதிலேயே வீட்டில் தமிழும், கடையில் கன்னடமும், அடுத்த சந்தில் விளையாடும்போது தக்கணி உருதுவும் பேசிவிடுகிறது. வெளியூரிலிருந்து வரும் உறவினர் கண்டு வியக்கிறார்கள். நாமும் பெருமைப்படுகிறோம், பெருமைப்படத்தக்கதே. ஆனால் பேசத் தெரிந்தது வேறு, அம்மொழியில் பாடம் கற்கத் தெரிவது வேறு. கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்சு என்னும் அறிஞர் 1979 முதல் எழுதிவந்த கட்டுரைகளில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். புதிய மொழியில் சரளமாகப் பேச ஏறத்தாழ இரண்டாண்டு போதும்; அம்மொழியிலேயே பாடங்களைக் கற்று உடனொத்த பிள்ளைகளுக்கு ஈடாக நிற்க ஐந்து முதல் ஏழாண்டு வரை ஆகும் என்பது அவர் கண்டது. நாம் 'பெருக்கல்' என்பதைக் கன்னடப் புத்தகம் 'குணாகார' என்கிறது. ஆங்கிலப் பள்ளியில் அது 'மல்டிப்ளிகேஷன்'. வகுத்தல் 'பாகாகார' ஆகிறது. சொல் மாறினால் கணக்கும் புதிது என்று குழந்தை மருள்கிறது. தெரிந்த கணக்கே வேறு உடையில் வந்திருக்கிறது என்று சொல்ல வீட்டில் ஒருவர் இருந்தால் அந்த மருட்சி ஒரு மாலையில் தீர்ந்துவிடும்.

சட்டத்தைப் பற்றிச் சில அன்பர்கள் கேட்பதுண்டு. சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்குப் போதிய வசதி செய்யவேண்டும் என்னும் 350-அ பிரிவு 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. தொடக்க வகுப்புகளில் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருத்தல் வேண்டும் என்று கட்டாயப்படுத்த அரசுக்கு உரிமை இல்லை என்று 2014 மே 6இல் உச்சநீதிமன்றம் கருநாடக வழக்கிலேயே தீர்ப்பளித்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடத்தை எல்லாப் பள்ளிகளிலும் ஒரு மொழிப் பாடமாகக் கற்பிக்கச் செய்தது. 2019இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி வகுப்புகளைத் தொடங்குவதாக அரசு அறிவித்தது. நாம் இவற்றில் எதனையும் எதிர்த்து எழுதவில்லை. இந்நாட்டில் வாழ்பவர் கன்னடம் கற்பது கடமை மட்டுமன்று, நன்மையுமாகும்; மாநகராட்சி அலுவலகத்திலும் மருத்துவமனையிலும் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த தமிழ்ப் பெண்ணுக்கு உள்ள மதிப்பை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

வருத்தம் வேறொன்றில் இருக்கிறது. பிள்ளையை ஆங்கில வழியில் சேர்த்த நாளிலிருந்து வீட்டிலும் தமிழை நிறுத்திவிடும் பெற்றோர் பெருகியுள்ளனர். தமக்கு அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலத்தில் பிள்ளையை அதட்டுகிறார்கள். பிள்ளைக்கு ஆங்கிலமும் முழுமையாக வரவில்லை. 'ஏன்', 'எதனால்', 'அப்படியானால்' என்று தொடர்ந்து சிந்தித்துப் பேசுவதற்குரிய ஒரு மொழியும் இல்லாமற் போகிறது. கம்மின்சு கண்ட மற்றொரு செய்தி, ஒரு மொழியில் ஆழ்ந்து பெற்ற அறிவு மற்றொரு மொழிக்கும் கைகொடுக்கும் என்பது. ஆவியாதல் என்னவென்று அடுப்படியில் கொதிக்கும் உலையைக் காட்டித் தாய் தமிழில் சொல்லிக்கொடுத்தால், பள்ளியில் அதற்கு எந்த மொழியில் பெயர் வைத்தாலும் பிள்ளை புரிந்துகொள்ளும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதனைச் செய்யலாம்.

இப்போது பத்தாம் வகுப்பிலிருந்து பி.யூ.சி.க்கு ஏறும் படியைக் காண்போம். நம் பகுதியில் மிகுதியான பிள்ளைகள் வழுக்குவது இங்கேதான். நம் பெற்றோர் மிகக் குறைவாக அறிந்திருப்பதும் இதனைப் பற்றித்தான்.

'பி.யூ.சி.' என்ற சொல்லைக் கேட்டால் முதியவர்களுக்குப் பழைய நினைவு வரும். பல்கலைக்கழகப் படிப்பிற்கு முன்னதான வகுப்பு என்பது அதன் பொருள். பதினோராண்டுப் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் ஓராண்டு படித்த காலத்துப் பெயர் அது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழுவின் பரிந்துரைக்குப் பின் நாடு பத்தும் இரண்டும் மூன்றும் என்ற ஏற்பாட்டிற்கு மாறியது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்தன, பி.யூ.சி. என்ற பெயர் அங்கே மறைந்தது. கருநாடகத்தில் மட்டும் அது ஈராண்டுப் படிப்பாகி அதே பெயரோடு நிலைத்துவிட்டது. பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பு மாணவன் பலவிடங்களில் அதே பள்ளியில் அடுத்த அறைக்குத்தான் போகிறான். அங்கே அவன் பள்ளிப் பிள்ளை. இங்கே அதே வயதுடையவன் 'காலேஜ்' போகிறான். பதினாறு வயதுப் பையனைப் பார்த்து வீட்டாரும் தெருவாரும், "நீ காலேஜ் பையன், உனக்குச் சொல்லவேண்டியதில்லை" என்கிறார்கள். அவனுக்குச் சொல்லவேண்டியது அப்போதுதான் மிகுதி.

மதிப்பெண் கணக்கு ஒன்றையும் பெற்றோர் பார்த்தல் வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி.க்கு மொத்தம் 625. முதல்மொழிக்கு 125, இரண்டாம் மொழிக்கு 100, மூன்றாம் மொழிக்கு 100. ஆக மொழிகளுக்கு மட்டும் 325, பாதிக்கு மேல். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றுக்கும் சேர்த்து 300. பி.யூ.சி.யிலோ மொத்தம் 600. மொழிகள் இரண்டுக்கு 200. விருப்பப் பாடங்கள் நான்குக்கு 400. பன்மொழிச் சூழலில் வளரும் நம் பிள்ளைகள் மொழிப் பாடங்களில் நன்றாகவே மதிப்பெண் பெறுகிறார்கள். 625க்கு 500 வந்துவிட்டது என்று மகிழ்ந்து அறிவியல் பிரிவில் சேர்க்கிறோம். அந்த 500இல் மொழிகள் தந்தது எவ்வளவு, கணிதமும் அறிவியலும் தந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பார் இல்லை. பத்தாம் வகுப்பில் ஒரே பாடமாக இருந்த அறிவியல் இப்போது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்றாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் பழைய புத்தகத்தைவிடப் பருத்து நிற்கிறது. கன்னட வழியிலோ தமிழ் வழியிலோ பத்து வரை படித்தவனுக்கு அவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மேலே சொன்ன மொழிப் படியும் நிலைப் படியும் ஒரே நாளில் எதிர்ப்படுகின்றன.

நம் சந்திலேயே ஒரு பையன். தந்தை தரைக்கு ஓடு பதிக்கும் தொழிலாளர். தாய் இரண்டு வீடுகளில் வேலை செய்கிறார். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். தெரு முழுவதும் கொண்டாடினோம். ஒரு கல்லூரியில் அறிவியல் பிரிவில் சேர்ந்தான். தசரா விடுமுறைக்குப் பின் அவன் கல்லூரிக்குப் போகவில்லை என்பதை அவன் தந்தை அறிந்தது மார்கழியில். காலையில் பையுடன் புறப்பட்டு மாலையில் திரும்பியவன் நடுவில் எங்கே இருந்தான் என்பது இன்றும் முழுமையாகத் தெரியாது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ வரவில்லை. "அவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை" என்று எல்லாரும் முடிவு கட்டினோம். நாமும் அவ்வாறே எண்ணினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். பின்னொரு நாள் அவனுடைய இயற்பியல் குறிப்பேட்டைத் தற்செயலாகப் புரட்ட நேர்ந்தது. ஜூன் மாதப் பக்கங்கள் நிறைந்திருந்தன. ஓரங்களில் பென்சிலால் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதியிருந்தான். ஜூலையில் பொருள் எழுதுவது நின்றுவிட்டது. ஆகஸ்டில் கரும்பலகையைப் பார்த்து எழுதிய வாக்கியங்கள் பாதிபாதியில் அறுந்திருந்தன. அதன்பின் வெற்றுத் தாள்கள். நாட்டமில்லாதவன் ஓரத்தில் பொருள் எழுதமாட்டான். ஜூலை மாதத்தில் எவரேனும் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்திருந்தால் போதும். அவன் இப்போது இருசக்கர வண்டியில் வீடுவீடாக உணவுப் பொட்டலம் கொண்டு கொடுக்கிறான். நம்மைக் கண்டால் புன்னகையோடு, "நல்லா இருக்கீங்களா, சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

வணிகப் பிரிவில் சேர்வோர்க்கு வேறொரு நிலை. கணக்குப் பதிவியல் எவருக்கும் பத்தாம் வகுப்பில் இல்லாத பாடம். ஆதலின் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று தொடங்குகிறார்கள். இது நம் பிள்ளைகளுக்கு நல்ல வாய்ப்பு. ஆனால் அப்பாடம் சுவர் எழுப்புவது போன்றது. எதைப் பற்று எழுதுவது, எதை வரவு வைப்பது என்ற விதியைத் தொடக்க வாரங்களிலேயே சொல்லிவிடுகிறார்கள். அதைத் தவறவிட்டவனுக்கு ஆண்டு முழுவதும் எழுதும் ஒவ்வொரு கணக்கும் குருட்டு வேலையாகிவிடும்.

இங்கே அண்மைக் காலத்து மாற்றம் ஒன்றையும் சொல்லவேண்டும். 2024இலும் 2025இலும் கருநாடகத்தில் எஸ்.எஸ்.எல்.சி.க்கும் இரண்டாமாண்டுப் பி.யூ.சி.க்கும் ஓராண்டில் மூன்று தேர்வுகள் வைத்தார்கள். ஒரு பாடத்தில் தவறியவர்க்கு அதே ஆண்டில் மீண்டும் எழுதும் வாய்ப்பு இதனால் கூடியது. நல்ல ஏற்பாடே. எனினும் 2025இல் எஸ்.எஸ்.எல்.சி. முதல் தேர்வு மார்ச்சு இறுதியில் தொடங்க, மூன்றாம் தேர்வு ஜூலையில்தான் நடந்தது. அதில் தேறியவன் பி.யூ.சி. வகுப்பிற்குள் நுழைந்தபோது மற்றவர்கள் பல அத்தியாயங்களைக் கடந்திருந்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை தவறியதால் மனம் தளர்ந்த பிள்ளை, தொடக்கமே கேளாத பாடத்தின் நடுவில் போய் அமர்கிறது. அத்தகைய பிள்ளை உள்ள வீட்டார் தேர்வு முடிவிற்காகக் காத்திராமல், முதலாண்டுப் புத்தகத்தை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி முதல் இரண்டு பாடங்களை யாரிடமேனும் கேட்டுக்கொள்ளச் செய்தால் பேருதவியாக இருக்கும். பி.யூ.சி. ஒன்றே வழி என்று எண்ணவும் வேண்டா. பத்தாம் வகுப்பிற்குப் பின் ஐ.டி.ஐ. உண்டு, மூன்றாண்டுப் பாலிடெக்னிக் பட்டயம் உண்டு, பட்டயம் பெற்றவர் பொறியியல் கல்லூரியில் நேரே இரண்டாமாண்டில் சேரவும் வழி இருக்கிறது. கையால் செய்து கற்கும் இயல்புடைய பிள்ளைக்கு அந்த வாயிலில் வழுக்கல் குறைவு.

இனி, நடுவில் ஊர் திரும்பும் குடும்பங்களைப் பற்றி ஒரு சொல். வாடகை உயர்ந்தது, மேஸ்திரி வேலை குறைந்தது, முதியவர்க்கு நோய் என்று பல காரணங்களால் பிள்ளைகள் எட்டிலும் ஒன்பதிலும் இருக்கும்போதே ஓசூருக்கோ சொந்த ஊருக்கோ பெயர்ந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடம். வீட்டில் தமிழ் பேசினாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெங்களூர்ப் பிள்ளை, பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வின் முன் திகைத்து நிற்பதைக் கண்டிருக்கிறோம். அங்கே அரசுப் பள்ளி மாணவர்க்கு 2020 முதல் மருத்துவப் படிப்பில் தரப்படும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாயும் ஆறாம் வகுப்பு முதல் அங்கேயே படித்தவர்க்கு உரியவை. இங்கேயும் கருநாடகப் பொது நுழைவுத் தேர்வின் வழியாகத் தொழிற்கல்வியில் இடம் பெற, கருநாடகத்தில் ஏழாண்டேனும் படித்திருக்க வேண்டும் என்பது பெரும்பாலோர்க்குப் பொருந்தும் விதி. இரண்டு பக்கமும் சில சில ஆண்டுகள் படித்த பிள்ளைக்கு இரண்டு பக்கத்து உரிமையும் நழுவிப் போகலாம். பெயர்ந்துதான் ஆகவேண்டும் என்றால் ஐந்தாம் வகுப்பு முடிவில் பெயர்வது நலம். எப்போது பெயர்ந்தாலும், ஒவ்வொரு பள்ளியிலும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை படித்தான் என்ற படிப்புச் சான்றைக் கேட்டு வாங்கி, டி.சி. நகலோடு ஒரே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமானது என்ற காரணத்தால் எந்தப் பள்ளியும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம்.

நம் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறோம். தமிழ்நாட்டில் 2021இல் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, தன்னார்வலர் பலர் மாலையில் ஒரு மணி நேரம் தம் தெருப் பிள்ளைகளைத் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் கூட்டிவைத்துக் கற்பித்தார்கள். அதற்குப் பெரிய கட்டடம் வேண்டியிருக்கவில்லை. நீலசந்திராவில் பி.யூ.சி. முடித்தவர் ஒவ்வொரு சந்திலும் உளர். ஆண்டு முழுவதும் டியூஷன் நடத்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதம், வாரத்தில் இரண்டு மாலை. எட்டாம் வகுப்பிற்கும் முதலாண்டுப் பி.யூ.சி.க்கும் புதிதாகச் சென்ற பிள்ளைகளின் குறிப்பேட்டை வாங்கிப் புரட்டுங்கள். எங்கே எழுத்து தேய்கிறதோ அங்கே நின்று கேளுங்கள். போன ஆண்டு அதே படியில் தடுமாறியவரைவிட அதனை நன்றாக அறிந்தவர் எவர்? அண்ணனும் அக்காளும் சொல்வதைப் பிள்ளைகள் அப்பா சொல்வதைவிட விரைவில் கேட்கிறார்கள்; இதில் அப்பாக்கள் வருந்த ஒன்றுமில்லை.

சென்ற வாரம் ஜான்சன் மார்க்கெட்டுப் பக்கம் போய்விட்டுத் திரும்புகையில் நம் சங்கத்து அம்மையார் ஒருவரைக் கண்டோம். ஊருக்குப் போகப் பேருந்துச் சீட்டு எடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தார். "திரும்பி வர்றதுக்கும் இப்பவே எடுத்துட்டேன், ஐயா. பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே வந்துடுவோம். பையன் எட்டாவது போறான்" என்றார். தீமிதி என்றைக்கு என்று கேட்டோம். பள்ளி திறந்த பின் வரும் வெள்ளிக்கிழமையாம். மாமியாருக்கு அதில் மிகுந்த மனக்குறை. இரண்டு நாளாகத் தொலைபேசியில் பேசவில்லையாம். தீமிதிக்குப் பையனின் தந்தை மட்டும் வியாழன் இரவு பேருந்தில் போய்ச் சனிக்கிழமை காலையில் திரும்புவதாக ஏற்பாடு. அந்தச் சீட்டையும் பிரித்துக் காட்டினார்.